நாலு மூலையிலும் மஞ்சள்

எம் பொண்ணுக்கு பேங்க் வேலை கெடைச்சு, சிம்லாவுக்குப் பக்கத்துல ஒரு ஊர்ல போஸ்டிங் போட்டிருக்காங்கன்னு தெரிஞ்ச அன்னைக்கு வூட்டுல எல்லாரும் லட்டு தின்னாங்க. நான் மட்டும் போனை எடுத்து அந்த ஊர்ல எவ்வளவு குளிருன்னு பாத்தேன். பாத்துட்டு கையில இருந்த லட்டைக் கீழ வச்சுட்டேன். பெரம்பலூர்ல மார்கழி மாசம் கூட காலையில காதை மூடிக்கிட்டாப் போதும், கொஞ்ச நேரத்துல வெயில் மண்டையப் பொளக்கும். இந்த ஊர்ல வளந்த புள்ள பனிக்கட்டியில போயி என்ன பண்ணும்?

"அங்கேயே ரஜாய்னு நல்ல பஞ்சுப் போர்வை விக்குதும்மா. ஆன்லைன்ல போட்டா வாசலுக்கே வந்துடும்"னா அவ.

"வாங்கிக்கடி. பத்து வாங்கிக்க. நான் தைக்கறதை நான் தைக்கறேன்"னேன்.

நான் டெய்லர். ஜாக்கெட், சுடிதார், ஸ்கூல் யூனிஃபார்ம்னு பெரம்பலூர்ல சின்னதா ஒரு கடை. ஊர்ல பாதிப் பொம்பளைங்க தோள் அளவு எனக்கு மனப்பாடம். யாரு இளைச்சிருக்கா, யாரு பெருத்திருக்கான்னு ரோட்டுல பாத்தே சொல்லிடுவேன். அதனாலயே கொஞ்சம் பேர் என்னைப் பாத்தா அந்தப் பக்கம் போயிடுவாங்க. ஆனா எம் பொண்ணுக்குன்னு நிதானமா ஒக்காந்து தைச்சதே இல்ல. தீவாளிக்கு அவ பாவாடை கடைசியாத்தான் மெஷின்ல ஏறும். இந்தத் தடவை கஸ்டமரெல்லாம் காத்துக்கெடக்கட்டும்னு முடிவு பண்ணிட்டேன். பழைய நூல் சேலைங்களைத் துண்டு துண்டா வெட்டி, ஒட்டி, நடுவுல பஞ்சு வச்சு, கையாலயே தைச்சு ஒரு போர்வை குடுக்கணும். நம்ம வூட்டுப் பொம்பளைங்க கட்டின சேலை எல்லாம் அவ மேல கெடக்கணும்னு ஒரு ஆசை.

சொந்தத்துல எல்லாருக்கும் போன் போட்டேன். "பழைய நூல் சேலை இருந்தாக் குடுத்து விடுங்க. கிழிஞ்சிருந்தாப் பரவால்ல, சாயம் போயிருந்தாப் பரவால்ல. சிந்தடிக் மட்டும் வேணவே வேணாம்." அரும்பாவூர்ல இருக்குற நாத்தனார் பெரிய பையா அனுப்புனாங்க. ஆசையா பிரிச்சா அத்தனையும் சிந்தடிக். "நல்லா பளபளன்னு இருக்கும்னு பாத்தேன்"னாங்க. என்னத்தச் சொல்ல.

நல்ல சேலை வந்தது சின்னவகிட்டேருந்துதான். சின்னவன்னா என் வூட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி. மீன்சுருட்டிக்குப் பக்கத்துல எங்க மாமனார் வூட்டுல, அவரையும் கவனிச்சுக்கிட்டு இருக்கா. ஜெயங்கொண்டத்துல பஸ் கண்டக்டர்கிட்ட ஒரு மூட்டையக் குடுத்து விட்டுட்டு, "அக்கா, மறக்காம எறக்கிக்கங்க, கண்டக்டர் மூஞ்சி சிடுசிடுன்னு இருக்கும், பயந்துடாதீங்க"ன்னு போன் பண்ணுனா. கண்டக்டர் என்னைப் பாத்துதான் பயந்தாரு.

சின்னவளைப் பத்திச் சொன்னாத்தான் மத்தது புரியும். நான் கடை போட்ட புதுசுல எம் பொண்ணு கைக்குழந்தை. மெஷின் சத்தத்துல தூங்க மாட்டா, கத்திரியைத் தூக்குவா, ஊசியை வாயில வைப்பா. ஒரு நாளு பட்டனை முழுங்கி ஊரையே கூட்டிட்டா. அப்பதான் சின்னவ கல்யாணமாகி வந்திருந்தா. "எங்கிட்ட வுட்டுட்டுப் போங்கக்கா"ன்னா. விட்டுட்டு வந்தேன். அஞ்சாவது முடிக்கிற வரைக்கும் புள்ள அங்கதான் இருந்துச்சு. ஞாயித்துக்கெழமை பஸ் ஏறிப் பாக்கப் போவேன். பெத்தவ வந்திருக்கேன், அது ஓடிப்போயி சித்தி முந்தானைக்குள்ள மூஞ்சிய மறைச்சுக்கும். எனக்கு வயிறு பத்தி எரியும். அதை நான் மறைச்சதும் இல்ல. "நல்லா வசியம் பண்ணி வச்சிருக்கேடி"ன்னு நேராவே சொல்லுவேன். அவ சிரிச்சுக்கிட்டே எனக்கு டீ போடப் போயிடுவா. அவ்வளவு பொறுமை எனக்கு இருந்திருந்தா நான் எங்கேயோ போயிருப்பேன்.

அவளுக்குன்னு ஒரு புள்ள பொறக்கவே இல்ல. திருச்சி, தஞ்சாவூர்னு டாக்டர் வூட்டு வாசல் எல்லாம் ஏறி எறங்கியாச்சு.

மூட்டையைப் பிரிச்சேன். எல்லாம் தொவைச்சு நீவி மடிச்ச நூல் சேலைங்க, தொட்டா பூ மாதிரி. அதுல ஒண்ணு மட்டும் வெறப்பா இருந்துச்சு. கிளிப்பச்சை, அரக்கு பார்டர். கஞ்சி கூடப் போகல. இதை ஏன் போட்டா, கலர் புடிக்கலையோன்னு நெனைச்சேன். ஓரத்துல ஒரு மூலையில மஞ்சள் கறை இருந்துச்சு. புதுத்துணிக்கு ஒரு மூலையில மஞ்சள் வச்சுத்தானே எடுப்போம், அப்ப இது கட்டாத சேலைதான்னு முடிவு கட்டிட்டேன். போன் போட்டுக் கேட்டிருக்கலாம். ஆனா கையில கத்திரி இருந்தா எனக்கு வேற ஒண்ணும் தோணாது. பச்சையை நடுவுல வச்சா எடுப்பா இருக்கும்னு சதுரம் சதுரமா வெட்ட ஆரம்பிச்சுட்டேன்.

பஞ்சு வேப்பந்தட்டைப் பக்கத்துப் பஞ்சு. அங்க பருத்தி போட்டிருந்த கஸ்டமர் ஒருத்தவங்க குடுத்தாங்க. அதை மெத்தைக் கடையில குடுத்து மெல்லிசா அடிச்சு வாங்கினேன். மெஷின்ல தைச்சுப் பாத்தா ஊசி டப்புன்னு ஒடைஞ்சுது. இன்னொண்ணு மாத்தினேன், அதுவும் போச்சு. சரின்னு கையிலயே ஓட்டுத் தையல் போட ஆரம்பிச்சேன். ஊசியும் நூலுமா மேலயும் கீழயும் போயி வர்ற சாதாரணத் தையல்தான். ஆனா பஞ்சைக் குத்திக் குத்தி ஆள்காட்டி விரல் சல்லடையாப் போச்சு. கடைக்கு வர்றவங்க எல்லாம், "என்னக்கா, ஜாக்கெட் எப்ப?"ன்னா, "பொங்கலுக்கு அப்புறம் வா"ம்பேன். "எந்தப் பொங்கலுக்கு?"ம்பாங்க. எம் பொண்ணு அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பா.

ஒரு மத்தியானம். நடுவுல பச்சை எல்லாம் ஒட்டி முடிச்சு, ஓரத்துக்கு இன்னும் நாலு துண்டு வேணும்னு அந்தச் சேலையோட மிச்சத்தை விரிச்சேன். முந்தி மூலையிலயும் மஞ்சள். மஞ்சளுக்கு நடுவுல குங்குமம். அவசரமா வெட்டின துண்டுகளைத் தேடினேன். இன்னொரு மூலையிலயும் இருந்துச்சு. அப்பறமும் ஒண்ணு.

புதுத்துணிக்கு ஒரு மூலையிலதான் மஞ்சள் வைப்போம். நாலு மூலையிலும் மஞ்சளும் குங்குமமும் வச்சா அது சாமித் துணி.

எங்க மாமியார் பூவும் பொட்டுமாப் போனவங்க. நான் வாக்கப்பட்டு வர்றதுக்கு முன்னாடியே போயிட்டாங்க. அப்படிப் போனவங்களை எங்க பக்கத்துல வூட்டுச் சாமியா வச்சுக் கும்புடுவோம், பூவாடைக்காரின்னு சொல்லுவோம். தை மாசம் பொங்கல் முடிஞ்சு வர்ற வெள்ளிக்கெழமை புதுச்சேலை வச்சுப் படைப்போம். அந்தச் சேலை ஒரு வருஷம் ஓலைப் பொட்டிக்குள்ள இருக்கும். மறுவருஷம் அதை எடுத்து வூட்டுப் பொம்பளைங்கள்ல ஒருத்தி கட்டிக்கணும், பொட்டிக்குள்ள புதுசு போகும். அதைக் கட்டிக்கிறவ நெனைச்சது நடக்கும்னு நம்பிக்கை. எங்க வூட்டுல இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. அந்தத் துணியில ஊசி படக்கூடாது. ஃபால்ஸ் கூட வைக்க மாட்டோம்.

நான் அதைக் கறி வெட்டுற மாதிரி வெட்டி வச்சிருக்கேன்.

அது யாரு கட்டிக்க வேண்டிய சேலை? சின்னவ கட்டிக்க வேண்டியது. அவ வந்த வருஷத்துலேருந்து மாமனார் பொட்டியைத் தொறந்து, "சின்னவ கட்டிக்கட்டும்"னுதான் சொல்லுவாரு. எதுக்குன்னு யாரும் வாய்விட்டுச் சொல்றதில்ல. எல்லாருக்கும் தெரியும். ஊரெல்லாம் டாக்டர் பாத்து ஓஞ்சுபோனவ, இந்த ஒரு சேலையைத்தான் நம்பி நிக்கறான்னு நான் நெனைச்சுக்கிட்டு இருந்தேன். எம் புள்ளைய வளத்துக் குடுத்தவளோட நம்பிக்கையை எடுத்து எம் புள்ளைக்கே போர்வையா வெட்டிட்டேன். கடையைப் பூட்டிட்டு வூட்டுக்கு வந்து படுத்துட்டேன்.

என் வூட்டுக்காரர் கேட்டுட்டு, "பொங்கலுக்கு வெள்ளை அடிச்சாங்கல்ல, சாமானை எடுத்து வைக்கிறப்ப கலந்திருக்கும். நீ வேணும்னேவா வெட்டின?"ன்னாரு.

"உங்கப்பாகிட்ட இதைச் சொல்லுவீங்களா?"

"நானா?"ன்னுட்டு மோட்டார் போடப் போயிட்டாரு. தண்ணித் தொட்டி அப்பவே ரொம்பித்தான் கெடந்துச்சு.

எம் பொண்ணு, "சித்திக்கு இப்பவே போன் பண்ணிச் சொல்லிடும்மா"ன்னா. போன்ல சொல்ற சமாச்சாரமா இது? ஒரு பச்சைத் துண்டைப் பர்ஸுக்குள்ள வச்சுக்கிட்டு, அதே மாதிரி சேலை கெடைக்குமான்னு அரியலூர்லயும் ஜெயங்கொண்டத்துலயும் கடை கடையா ஏறினேன். கலர் இருந்தா பார்டர் இல்ல, பார்டர் இருந்தா கலர் இல்ல. ஒரு கடைக்காரர், "அது போன பொங்கல் சரக்கு, இப்ப வராதுங்க"ன்னாரு. வெளிய வந்து நின்னப்பதான் எனக்கு உறைச்சுது. அச்சு அசல் அதே சேலையே கெடைச்சாலும் அது கடைச் சேலைதானே. பொட்டிக்குள்ள வருஷம் பூரா சாமிகிட்ட இருந்ததில்லையே. அவளை ஏமாத்தி அதைக் கட்ட வைக்கவா போறேன்? எம் மேலயே எனக்கு அவ்வளவு கோவம் வந்துச்சு.

பொங்கலுக்கு ஊருக்குப் போனோம். பாதித் தையல்ல நின்ன போர்வையையும் மிச்சத் துண்டுகளையும் பையில போட்டு எடுத்துக்கிட்டுப் போனேன். பொங்கல், மாட்டுப் பொங்கல் எல்லாம் போச்சு. எனக்குக் கரும்பு கூட இனிக்கல. படையலுக்கு மொத நாள் சின்னவ கொல்லையில ஒக்காந்து பித்தளைப் பாத்திரத்துக்குப் புளி போட்டு வெளக்கிக்கிட்டு இருந்தா. வேற யாரும் இல்ல. பையைத் தூக்கிக்கிட்டுப் போயி அவ எதுக்கால குந்தினேன்.

"சின்னவளே, ஒரு தப்பு நடந்துபோச்சு. நீ என்னை வெளக்குமாத்தால அடிச்சாலும் வாங்கிக்கறேன்"னு சொல்லிட்டுப் போர்வையை எடுத்து மடியில விரிச்சேன்.

அவ கையை முந்தானையில தொடைச்சுட்டு, பச்சைச் சதுரத்தை ஒவ்வொண்ணாத் தடவிப் பாத்தா. "நல்லாத்தானே வெட்டியிருக்கீங்க. இந்த அரக்கு பார்டரைச் சுத்தி வச்சிருக்கலாமேக்கா."

"அடியே, இது எந்தச் சேலைன்னு தெரியுதா?"

"தெரியாம என்ன? நான்தானே பொட்டியிலேருந்து எடுத்து மூட்டையில போட்டேன்"னா.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "உனக்கென்னடி கிறுக்கா புடிச்சிருக்கு? நான் சோறு தண்ணி எறங்காம செத்துக்கிட்டு இருக்கேன். கடை கடையா ஏறி எறங்கினேன். ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொன்னா வெட்டியிருப்பீங்களா?"

வெட்டியிருக்க மாட்டேன். திருப்பி அனுப்பியிருப்பேன், கூட நாலு திட்டும் அனுப்பியிருப்பேன். அது அவளுக்குத் தெரியும்.

பாத்திரத்தை ஓரமா நகத்தி வச்சுட்டு அவ சொன்னா. குரல் ஒசரவே இல்ல. "வருஷா வருஷம் அந்தத் துணியைக் கட்டிக்கிட்டு நிக்கறேன்க்கா. மறுமாசத்துலேருந்து எல்லாக் கண்ணும் என் வயித்து மேலதான். யாரும் கேக்க மாட்டாங்க. கேட்டுட்டாக் கூடப் பதில் சொல்லிட்டுப் போயிடலாம். கேக்காம பாக்கறாங்க பாருங்க, அதான் தாங்கல. ஆடி வரைக்கும் பாப்பாங்க. அப்பறம் பாக்கறதை நிறுத்திடுவாங்க. திரும்பத் தை வந்துடும்."

நானும்தான் பாத்திருக்கேன். டெய்லர் கண்ணு வேற, ஒரு இஞ்ச் கூடியிருக்கான்னு பாத்துடும்.

"எனக்குப் புள்ள வரணும்னுதானே சாமி அதைக் குடுத்துச்சு? புள்ளைக்குன்னு வந்த துணி புள்ளைக்குத்தானே போவணும்? எனக்கு ஒண்ணு இருக்கே. அது அவ்வளவு குளிர்ல போயி ஒத்தையில படுக்கப்போவுது. சாமி தொணைக்குப் போவட்டும்னு எடுத்துப் போட்டேன்."

அழுதுட்டேன். எனக்கு அழுகை அவ்வளவு சுளுவா வராது. ஆனா அன்னைக்கு அந்தப் பித்தளைக் குண்டானுக்கு முன்னாடி மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். அவ புளிக் கையோடவே எந் தோளைத் தட்டிக் குடுத்தா. நான் கட்டியிருந்தது நல்ல சேலை, புளிக் கறை இன்னும் போகல.

"மாமாகிட்ட யாருடி சொல்றது?"

"நானே சொல்லிக்கறேன். நீங்க வாயைத் தொறக்காதீங்க. நீங்க தொறந்தா சண்டையிலதான் போயி நிக்கும்"னா.

வெள்ளிக்கெழமை மத்தியானம் எலை போட்டு, வடை, பாயாசம், மாமியாருக்குப் புடிச்ச கருவாட்டுக் கொழம்பு எல்லாம் வச்சாச்சு. மாமனார் குளிச்சு நெத்தி நெறைய துண்ணூறோட ஓலைப் பொட்டியைத் தொறந்தாரு. உள்ள ஒண்ணும் இல்ல. நான் என் வூட்டுக்காரர் முதுகுக்குப் பின்னால நின்னுக்கிட்டேன்.

"மாமா, அதை நான் பாப்பாவுக்குக் குடுத்துட்டேன். அக்கா போர்வையாத் தைச்சிருக்காங்க"ன்னா சின்னவ. முன்னாடி போயி நின்னு, நேராப் பாத்து.

அவரு காலிப் பொட்டியைப் பாத்தாரு. அப்பறம் சின்னவளைப் பாத்தாரு. "உனக்கு வேணாமா ஆயி?"ன்னு கேட்டாரு. பெத்த தாயைக் கூப்புடற மாதிரி அவரு அவளை ஆயின்னு கூப்புட்டு நான் கேட்டதே இல்ல.

"போதும் மாமா."

அவ்வளவுதான். அவரு தலையை ஆட்டிக்கிட்டாரு. ஊசி பட்டுதான்னு கேக்கவே இல்ல. போர்வையை எடுத்தாரச் சொல்லி சாமி முன்னாடி வச்சு சூடம் காட்டுனாரு. எம் பொண்ணைக் கூப்புட்டு, "கட்டிக்க"ன்னாரு.

"போர்வையை எப்படி தாத்தா கட்டறது?"

"அப்ப போத்திக்கிட்டு ஒக்காரு."

அந்த உச்சி வெயில்ல, சூடப் பொகையில, பஞ்சுப் போர்வையைப் போத்திக்கிட்டு அது வேர்த்து ஊத்த ஒக்காந்திருந்துச்சு. "சாமி, சீக்கிரம் சாப்புடு சாமி"ன்னு அது முனகினதைக் கேட்டு மாமனாரே சிரிச்சுட்டாரு. மனசு நெறைஞ்சுபோச்சு எனக்கு. வடை மட்டும் எத்தனை தின்னேன்னு கணக்கில்ல.

அன்னைக்கு சாயங்காலமே நானும் சின்னவளும் கூடத்துல போர்வையை விரிச்சு, அவ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்னு தைக்க ஒக்காந்தோம். அவ தையல் காக்கா நடந்த மாதிரி கோணக் கோணயாப் போகுது. "இதை யாரு தைச்சதுன்னு கேட்டா எம் பேரைச் சொல்லிடாதடி"ன்னேன். "சொல்லுவேன், பெரம்பலூர் டெய்லர் தைச்சதுன்னுதான் சொல்லுவேன்"னா. பிரிச்சுத் திரும்பத் தைக்கலாம்னு கை அரிச்சுது. பிரிக்கல. ஒரு பக்கம் நேராவும் ஒரு பக்கம் கோணலாவும் அந்தப் போர்வை முடிஞ்சுது.

எம் பொண்ணு கெளம்புற அன்னைக்கு அரியலூர் ஸ்டேஷன்ல பகல் வண்டி. மெட்ராஸ் போயி அங்கேருந்து டெல்லி வண்டி மாறணும். போர்வை ரொம்ப கனம், பொட்டிக்குள்ள அடங்கல. தனியா ஒரு பையில போட்டுக் கட்டியிருந்தோம். வண்டி வந்ததும் நான் பிளாட்பாரத்துல நின்னு ஜன்னல் வழியா சத்தம் போட்டுக்கிட்டு இருந்தேன், தண்ணி பாட்டில் எங்க, ஆதார் எங்கன்னு. சின்னவ உள்ளயே ஏறிட்டா. பையை மேல தூக்கி வச்சா, விழுந்துடுமோன்னு எறக்கினா, மடியிலயே வச்சுக்கடான்னா. முடியை ஒதுக்கி விட்டா. ரெண்டு பேரு கண்ணுலயும் தண்ணி.

வண்டி கெளம்பப் போவுதுன்னு சொன்னப்பறம்தான் எறங்கி வந்து எம் பக்கத்துல நின்னா. எதுத்த சீட்டுல ஒரு அம்மா இருந்தாங்க. இதையெல்லாம் பாத்துக்கிட்டே இருந்தவங்க, ஜன்னல் வழியா சின்னவளைப் பாத்து, "கவலைப்படாதீங்க, மெட்ராஸ் வரைக்கும் நான் பாத்துக்கறேன். உங்க பொண்ணாங்க?"ன்னு கேட்டாங்க.

சின்னவ பதறிப்போயி, "இல்லைங்க, அக்காவோட…"ன்னு என் பக்கம் கையைக் காட்டினா.

நான் அந்தக் கையைப் புடிச்சுக் கீழ எறக்கினேன். "ஆமாங்க, இவ பொண்ணுதான். நான் பெரியம்மா"ன்னேன்.

எம் பொண்ணு என்னைப் பாத்தா. வண்டி நகர ஆரம்பிச்சுடுச்சு. சின்னவ என் கையை விடாம, வண்டியோடவே நடந்து போனா, என்னையும் இழுத்துக்கிட்டு.